கடைமடைக்கு எட்டாத மின்வண்டி

2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்துக்குத் தமிழ்நாடு அரசு பொதுரக நெல்லுக்கு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். ஆகச் சிப்பம் ஆயிரம் ரூபாய். தஞ்சாவூர் ஷோரூமிலிருந்து ஓரளவு நல்ல மின்ஸ்கூட்டர் ஒன்று காப்பீடு, பதிவு எல்லாம் முடிந்து வெளியே வரும்போது ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை ஒட்டி ஆகிவிடுகிறது. நெல்லாகச் சொன்னால் 110 சிப்பம். நன்றாக விளைந்த சம்பாவில் ஏக்கருக்கு ஐம்பது அறுபது சிப்பம் கண்டாலே நிறைவு என்பார்கள். உழவு, நாற்றங்கால், நடவு, உரம், களை, அறுவடை இயந்திர வாடகை என்று எதையும் கழிக்காமல் இரண்டு ஏக்கர் வெள்ளாமையை அப்படியே கொட்டினால் ஒரு வண்டி வரும். நிலமில்லாதவர் கணக்கு இன்னும் கடினம். ஊரக வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வைத்த நாள்கூலி 336 ரூபாய்; அந்தக் கூலியில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் 327 நாள் சேர்த்தாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான கணக்கு ஒன்றும் இருக்கிறது. கிலோமீட்டருக்கு இருபது காசுகூட ஆகாது என்று விற்பனையாளர் சொல்கிறார். அதுவும் பொய்யில்லை. மின்ஸ்கூட்டர் யூனிட்டுக்கு 30 கிலோமீட்டராவது ஓடும். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் சாதாரணக் குடும்பம் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஐந்து ரூபாய் கொடுக்கிறது. ஆகக் கிலோமீட்டருக்குப் பதினேழு காசு. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது, 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு இரண்டே கால் ரூபாய் ஆகிறது. ஓட்டும் செலவில் இத்தனை மலிவான வண்டி, வாங்கும்போது இத்தனை கனமாக இருப்பது ஏன், அந்தக் கனம் யார் தோளில் விழுகிறது என்பதே இங்கே ஆராய வேண்டிய கேள்வி. வண்டியின் மொத்த விலையைவிட அந்த விலை வந்து விழும் முறையே காவிரி டெல்டாக்காரரைத் தடுக்கிறது என்பது என் முடிவு. இதுவரை வந்த அரசு உதவிகள் மொத்த விலையைக் குறைக்கப் பார்த்தனவே தவிர, அந்த முறையைத் தொடவில்லை.

முதலில் ஒப்பீட்டைச் சரிசெய்ய வேண்டும். மின்வண்டியை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பாதி விவாதம் தவறிப்போகிறது. புதிய பெட்ரோல் ஸ்கூட்டரோடு ஒப்பிட்டால் இன்றைக்கு வித்தியாசம் பெரிதில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாடு இருசக்கர வண்டிகளின் சாலை வரியை உயர்த்தியது. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு 10 சதவீதம். மின்வண்டிக்கு அந்த வரி கிடையாது. ஜி.எஸ்.டி.யும் மின்வண்டிக்கு 5 சதவீதம்தான். எல்லாம் சேர்ந்து தொண்ணூறாயிரத்துச் சொச்சத்துக்கு வரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் மின்ஸ்கூட்டருக்கும் இடையில் பதினைந்து, இருபதாயிரம்தான் இடைவெளி. நாளுக்கு 20 கிலோமீட்டர், ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஒன்றரை ஆண்டில் அது திரும்பிவிடும். ஆனால் ஒரத்தநாட்டிலிருந்தோ திருவையாற்றிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ தினமும் தஞ்சைக்கோ கும்பகோணத்துக்கோ வேலைக்கு வருகிற எல்லாரும் புதிய ஸ்கூட்டரில் வருவதில்லை. துணிக்கடை விற்பனையாளர், கொத்தனார், பாத்திரப் பட்டறைத் தொழிலாளி, தனியார் பள்ளி ஆசிரியர், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் போன்றவர்களில் பலருடைய வண்டி டி.வி.எஸ். எக்ஸ்எல் மொபெட், இல்லையென்றால் இரண்டாம் கையாக வாங்கிய பழைய பைக். எக்ஸ்எல் ஆன்ரோட்டில் அறுபதாயிரத்தை ஒட்டி வருகிறது. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கிறது. அதோடு ஒப்பிட்டால் மின்வண்டி ஆண்டுக்கு மிச்சப்படுத்துவது சுமார் 9,000 ரூபாய். ஐம்பதாயிரம் இடைவெளியை மூட ஐந்தரை ஆண்டு பிடிக்கும். இருபத்தைந்தாயிரத்துக்கு வாங்கிய பழைய வண்டியோடு ஒப்பிட்டால் ஒன்பது ஆண்டு. அதற்குள் பேட்டரியையே மாற்ற வேண்டி வரலாம். வசதியானவருக்கு லாபமாக வரும் அதே கணக்கு, வசதி குறையக் குறைய நட்டத்தை நோக்கிச் சாய்கிறது.

இந்தச் சாய்வுக்குக் காரணம் பேட்டரி. மூன்று யூனிட் பிடிக்கும் பேட்டரிதான் வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்கிறது. பெட்ரோல் வண்டியில் டாங்கி வெறும் தகரம். எரிபொருளை அன்றன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம். மின்வண்டி வாங்குகிறவர் அடுத்த ஏழெட்டு ஆண்டு ஓட்டத்துக்கான எரிபொருள் செலவில் பெரும்பகுதியைப் பேட்டரியாக முதல் நாளே கொடுத்துவிடுகிறார். நாள்கூலியில் வாழ்கிறவர் எந்தப் பொருளையும் இப்படி வாங்குவதில்லை. பங்கில் வண்டியை நிறுத்தி நூறுக்குப் போடு, ஐம்பதுக்குப் போடு என்று கேட்பது சிக்கனத்தின் ஒரு வடிவம். வேலை இல்லாத நாளில் வண்டி நிற்கும், செலவும் நிற்கும். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் அந்த வாரம் பெட்ரோல் போட வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கட்டட வேலை நின்றால் வண்டிக்கும் ஓய்வு. மாதத் தவணை இப்படி ஓய்வெடுக்காது. ஏழைக்குப் பெட்ரோல் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் நூறு ரூபாயாக உடைத்து வாங்க முடிகிற வசதிக்கும் சேர்த்துத்தான் அவர் அந்த விலையைக் கொடுக்கிறார்.

தவணையில் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருபதாயிரம் முன்பணம் கட்டித் தொண்ணூறாயிரத்தை மூன்று ஆண்டுக்கு ஃபைனான்ஸில் எடுத்தால், ஆண்டுக்குப் பத்து சதவீத நேர்வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 3,250 ரூபாய் டியூ. மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் எக்ஸ்எல்லுக்குப் பெட்ரோல் 850 ரூபாய்தான் ஆகும். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு இந்த டியூ ஒரு சுமை, அவ்வளவே. விவசாய வருமானக்காரருக்கோ அது காலம் தப்பிய சுமை. டெல்டாவில் பணம் மாதாமாதம் வருவதில்லை. குறுவை அறுத்தால் புரட்டாசி, ஐப்பசியில் ஒருமுறை. சம்பா அறுத்தால் தை, மாசியில் ஒருமுறை. இடையிலுள்ள மாதங்களில் நகைக்கடன்தான் குடும்பத்தைத் தாங்குகிறது. அந்த இரண்டு வரவும்கூட நிச்சயமில்லை. 2022இல் மேட்டூர் அணை மே 24ஆம் தேதியே திறந்தது. 2024இல் வழக்கமான ஜூன் 12 கடந்துபோய், ஜூலை 28ஆம் தேதிதான் தண்ணீர் விட்டார்கள்; ஆற்றுப் பாசனத்தை நம்பியிருந்தவர்களுக்கு அந்த ஆண்டு குறுவை போயிற்று. வங்கிக் கணினி இதையெல்லாம் அறியாது. ஐந்தாம் தேதி பணம் எடுக்கப் பார்க்கும். இல்லையென்றால் அபராதம் போடும்.

இந்த இடத்தில் அரசு மானியங்களின் வரலாறு கவனிக்கத்தக்கது. ஒன்றிய அரசின் ஃபேம் மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரலில் பத்தாயிரம் கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு தொடங்கியது. மின் இருசக்கர வண்டிக்குப் பேட்டரியின் யூனிட் ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்று இருந்த மானியம் 2021 ஜூனில் 15,000 ஆயிற்று. வண்டி விலையில் 40 சதவீதம் வரை தரலாம் என்றார்கள். 2023 ஜூனில் அது திரும்பவும் 10,000 ஆகவும், உச்சவரம்பு 15 சதவீதமாகவும் சுருங்கியது. வாங்குகிறவர் எத்தனை நுட்பமாக விலையைக் கவனிக்கிறார் என்பதை அந்த மாதமே காட்டியது: மே மாதம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் பதிவான மின் இருசக்கர வண்டிகள் ஜூனில் பாதிக்கும் கீழே, நாற்பத்தாறாயிரம் அளவுக்கு, இறங்கின. 2024 ஏப்ரலில் மானியம் யூனிட்டுக்கு 5,000. அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025-26க்கு அது 2,500, ஒரு வண்டிக்கு ஐயாயிரத்துக்கு மேல் இல்லை. தொகை ஏறியதையும் இறங்கியதையும் பற்றியே எல்லாரும் பேசினார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதன் அளவுகோல். யூனிட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் பெரிய பேட்டரிக்குப் பெரிய மானியம் போகும். 2021 விதிப்படி இரண்டு யூனிட் வண்டிக்கு முப்பதாயிரம் என்றால், நான்கு யூனிட் வண்டிக்கு அறுபதாயிரம். வாங்குகிறவரின் வருமானம் என்ன என்று எவரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு மாற்றான முன்னுதாரணம் ஒன்று இருந்தது. 2018 பிப்ரவரி 24ஆம் தேதி தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட்ட, வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் தந்தார்கள். பெட்ரோல் வண்டிக்குத் தந்தார்கள் என்பது வேறு விஷயம். அந்தத் திட்டத்தில் மானியம் ஆளைப் பார்த்துப் போயிற்று; ஃபேமில் பேட்டரியைப் பார்த்துப் போயிற்று. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் விட்டவுடன் தலைமடை நிறைந்துவிடும். பேராவூரணிக் கடைமடைக்கு முறைவைத்து அனுப்பினால்தான் போய்ச்சேரும். மின்வண்டி மானியத்துக்கு அப்படியொரு முறை வைக்கவே இல்லை. மாநில அரசு 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் இணையவழிச் சேவைத் தொழிலாளர் 2,000 பேருக்குப் புதிய மின்ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் அறிவித்தது. ஆளைப் பார்த்துக் கொடுப்பது என்ற நல்ல முறைக்கு அது திரும்பியிருக்கிறது. ஆனால் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பெருநகரத்தின் வேலை. டெல்டா கிராமத்துக்கு அதில் பங்கு சொற்பமாகவே இருக்கும்.

யூனிட் கணக்கு மானியம் இன்னொரு கெடுதலும் செய்தது. எந்த வண்டி வேண்டும் என்பதை அதுவே தீர்மானித்துவிட்டது. ஃபேம் இரண்டாம் கட்ட விதிப்படி வண்டி ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டராவது ஓட வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமாவது போக வேண்டும், ஈய-அமில பேட்டரி கூடாது. இவற்றில் கடைசி விதி நியாயமானது. முதல் விதியைத்தான் கேள்வி கேட்க வேண்டும். டெல்டாவின் தரையமைப்பையும் ஊர்களின் நெருக்கத்தையும் பாருங்கள். மேடு பள்ளமில்லாத சமவெளி. தஞ்சையிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர், பாபநாசம் 25 கிலோமீட்டர் அளவு, ஒரத்தநாடும் ஏறக்குறைய அவ்வளவே. ஆற்றங்கரைக்கு ஆற்றங்கரை ஊர் இருக்கிற நாடு இது. நாளுக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் போய்வருகிறவர் மூன்று யூனிட் பேட்டரியைச் சுமந்துகொண்டு திரிவது, ஒருவேளைச் சோற்றுக்கு அண்டா வாங்குவதைப் போன்றது. ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் 75 முறைதான் முழுச் சார்ஜைச் செலவழிப்பார். லித்தியம் பேட்டரி ஆயிரம் முறைக்கு மேல் தாங்கக்கூடியது. உழைத்துத் தேய்வதற்கு முன்னால் வயதாகியே அது தளரும். பயன்படுத்தாத திறனுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கச் சொல்லிவிட்டு, விலை அதிகம் என்று வருந்துவதில் பொருளில்லை. ஒன்றரை யூனிட் பேட்டரியோடு, கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் போடும் வசதியோடு, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டியே இந்த மண்ணுக்குப் போதும்.

மலிவான மெதுவண்டிகள் சந்தையில் இல்லாமல் இல்லை. 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகம் என்றால் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். சிறு நகரங்களில் அவை விற்றதற்கு அதுவே காரணம். ஆனால் அவற்றில் பலவற்றில் இருந்தது ஈய-அமில பேட்டரி. ஒன்றிரண்டு ஆண்டில் திறன் விழுந்துவிடும். மானியத்துக்கும் தரக்கட்டுப்பாட்டுக்கும் வெளியே விடப்பட்ட இந்த வகைதான் மின்வண்டி என்றாலே ஏமாற்று என்ற எண்ணத்தை ஊர்ப்புறத்தில் விதைத்தது. சீனாவின் அனுபவம் இங்கே உதவும். அங்கே மின் இருசக்கர வண்டிகள் முப்பது கோடிக்கு மேல் ஓடுகின்றன. பல பெருநகரங்கள் பெட்ரோல் மோட்டார்சைக்கிளைத் தடுத்தபோது மக்கள் வாங்கியது வேகமான ஸ்கூட்டரை அல்ல. சைக்கிளின் தொடர்ச்சி போன்ற மெதுவண்டியை. அதற்கென்றே தேசியத் தரம் வகுத்தார்கள். 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தரம் வேகத்தை 25 கிலோமீட்டருக்கும், எடையைப் பேட்டரியோடு 55 கிலோவுக்கும் மட்டுப்படுத்தியது. ஈயத்தால் வந்த மாசு அங்கே பெரிய விலையாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் எளிய வண்டியை ஒதுக்கித் தள்ளாமல் ஒழுங்குபடுத்தினார்கள், நாம் ஒதுக்கினோம்.

டெல்டாவில் வண்டி என்பது ஆளை மட்டும் ஏற்றுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓசூரில் 1980இல் டி.வி.எஸ். 50 வந்ததிலிருந்து இந்த நாட்டுப்புறம் மொபெட்டைச் சின்னப் பார வண்டியாகவே நடத்தியிருக்கிறது. முன்பக்கத் தட்டில் உர மூட்டை, பின்னால் பால் கேன், அறுவடைக்காலத்தில் நெல் மூட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய், கடற்கரையிலிருந்து வரும் மீன் கூடை. இந்த வேலைக்கு நகரத்து மின்ஸ்கூட்டரின் வழுவழுப்பான உடல் உதவாது. 1972இல் வந்த லூனா மொபெட்டின் பெயரில் 2024 பிப்ரவரியில் வெளிவந்த மின்மொபெட் இந்த வெற்றிடத்தைச் சரியாகக் குறிவைத்தது: இரண்டு யூனிட் பேட்டரி, 150 கிலோ சுமை, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், அறிமுக விலை 69,990 ரூபாய். எக்ஸ்எல்லுக்கும் இதற்கும் இடைவெளி சில ஆயிரங்கள்தான். அது ஓரிரு ஆண்டிலேயே திரும்பிவிடும். விலையை இறக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் விலை இறங்கினால் மட்டும் போதாது. எக்ஸ்எல் கெட்டால் வழியிலுள்ள எந்த மெக்கானிக்கும் அரைமணியில் சரிசெய்துவிடுவார். மின்வண்டியில் கன்ட்ரோலர் போனால் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்குப் போக வேண்டும். அந்த மையம் தஞ்சையிலோ திருச்சியிலோ இருக்கும். நாள்கூலிக்காரருக்கு வண்டி இல்லாத மூன்று நாளும் விலையின் ஒரு பகுதிதான். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்வண்டிப் பழுதுபார்ப்பைப் பெருக்குவது, இன்னொரு மானியத்தைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

இந்த விவாதத்தையே மறுக்கும் வாதம் ஒன்றுண்டு. தனியார் வண்டிக்கு ஏன் இத்தனை கவலை, பேருந்தை விரிவாக்கினால் போதாதா என்பது அது. இதை நான் மதிக்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்குப் போகும் டெல்டாப் பெண்களுக்கு எந்த மின்வண்டியும் தராத மிச்சத்தை அந்த ஒரு ஆணை தந்தது. பொதுப்பணம் குறைவாக இருக்குமானால் அது முதலில் பேருந்துக்கே போகட்டும். ஆனால் பேருந்தால் முடியாத பயணங்கள் நிறைய. கும்பகோணம் கடைத்தெருவில் இரவு ஒன்பதரைக்குக் கடை அடைத்த பிறகு உள்கிராமத்துக்குப் போகிறவர், விடியற்காலை நாலு மணிக்குப் பால் எடுப்பவர், வாய்க்கால் கரையோரம் வயலுக்கு மண்வெட்டியோடும் மருந்து டப்பாவோடும் போகிறவர், இவர்களுக்குப் பேருந்து எப்போதும் வராது. அவர்கள் ஏற்கெனவே வண்டியில்தான் போகிறார்கள், மாதாமாதம் பெட்ரோலுக்குப் பணம் கொட்டுகிறார்கள். தவிர, இங்கே நான் கேட்பவற்றில் பெரும்பாலானவை பேருந்தின் பணத்தைப் பிடுங்குபவை அல்ல. கடனின் ஒழுங்கையும் விதிகளையும் பற்றியவை.

மின்வெட்டும் புயலும் தீயும் அடுத்த அச்சங்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரைகடந்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படியொரு பேரிடரில் மின்வண்டி நிற்கும், ஐயமில்லை. ஆனால் பெட்ரோல் பங்கின் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அன்றாட மின்வெட்டு இரவுச் சார்ஜைப் பெரிதாகப் பாதிக்காது. தீ பற்றிய அச்சம் இதைவிட ஆழமானது. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிந்து தந்தையும் மகளும் மாண்டதை எவரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்னும் பேட்டரிப் பாதுகாப்பு விதி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக இறுக்கப்பட்டது. அந்தப் பாதுகாப்புக்கும் ஒரு செலவு உண்டு. விலை குறைய வேண்டும் என்பதற்காக அதைத் தளர்த்தச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது என்ற கேள்வியை டெல்டாவில் லேசாகத் தள்ள முடியாது. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்காகக் கதிர்விடும் பருவத்துப் பயிர்மேல் இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்த பிறகு, மின்சாரம் எவருக்கும் தீங்கில்லாமல் வருகிறது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் இதே டெல்டாதான் 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு எதிராக நின்றது. அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகவே 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. வயலுக்கு அடியிலுள்ள எண்ணெய் வேண்டாம் என்று சொன்ன மக்கள் அன்றாடம் அந்த எண்ணெய்க்கே கூலியில் ஒரு பங்கைக் கொடுக்கும்படி இருப்பது அவர்கள் தேர்ந்தெடுத்ததல்ல. வேறு வண்டி கைக்கு எட்டாததால் வந்த நிலை. காற்றிலும் வெயிலிலும் எடுக்கும் மின்சாரம் தமிழ்நாட்டில் ஆண்டுக்காண்டு கூடுகிறது. பெட்ரோல் தூய்மையாவதற்கு அப்படி வழியேதும் இல்லை.

காத்திருந்தால் விலை தானாக இறங்கிவிடும் என்பது பொருளியல் தெரிந்தவர்களின் வாதம். பேட்டரி மலிவாகி வருவது மெய். உலகச் சராசரியில் லித்தியம் பேட்டரித் தொகுதி 2023இல் யூனிட்டுக்கு 139 டாலர், 2024இல் 115 டாலர். ஆனால் அந்த மலிவில் கணிசமான பங்கை நிறுவனங்கள் கூடுதல் தூரமாகவும் பெரிய திரையாகவும் மாற்றின. அடிவிலை அதே வேகத்தில் இறங்கவில்லை. இன்னொரு புறம், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பெட்ரோல் வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாயிற்று. எளியவரின் பெட்ரோல் வண்டி மலிவானதில் எனக்கு மகிழ்ச்சியே. இடைவெளி தானாக மூடிவிடும் என்ற நம்பிக்கைதான் அதோடு தளர்ந்தது. 2024-25இல் நாட்டில் பதினொரு லட்சத்துக்கு மேல் மின் இருசக்கர வண்டிகள் விற்றும், மொத்த இருசக்கர விற்பனையில் அது ஆறு சதவீத அளவுதான்.

ஆகவே பேட்டரியை விலையிலிருந்து பிரிப்பதே வழி. அதைச் சந்தையும் உணரத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூலையில் ஹீரோ நிறுவனம் தன் விடா வி.எக்ஸ்.2 வண்டியைப் பேட்டரியோடு 99,490 ரூபாய்க்கும், பேட்டரிக்குத் தனி வாடகை என்றால் 59,490 ரூபாய்க்கும் அறிமுகம் செய்தது. அறிமுக வாடகை கிலோமீட்டருக்கு 96 காசு. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வாடகையும் மின்சாரமும் சேர்ந்து ஏழாயிரத்துக்குள் அடங்கும். எக்ஸ்எல்லுக்குப் பெட்ரோலே பத்தாயிரத்தைத் தாண்டும். எரிபொருளை ஓடுகிற தூரத்துக்குக் கொடுக்கும் பழைய முறை இங்கே திரும்பி வருகிறது. ஆனால் இதுவும் ஒரு நிதி ஒப்பந்தமே. சம்பளச் சீட்டு இல்லாததால் யாருக்குக் கடன் மறுக்கப்படுகிறதோ அவருக்கு இதுவும் எளிதில் வாய்க்காது. இரண்டாம் கை வண்டிச் சந்தை திறந்தால்தான் அவருக்கு வழி. பழைய மின்வண்டியை வாங்கத் தயங்குவதற்குக் காரணம் பேட்டரியில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று தெரியாததுதான். வண்டிக்குள்ளேயே அந்தக் கணக்கு பதிவாகிறது. உரிமை மாற்றும்போது அதைத் தாளில் தரவேண்டும் என்று போக்குவரத்துத் துறை ஒரு விதி போட்டால் செலவில்லாமல் ஒரு சந்தை பிறக்கும். கூடவே, வண்டியோடு வந்தால் 5 சதவீதமும் தனியாக வாங்கினால் 18 சதவீதமுமாக இருக்கிற பேட்டரியின் ஜி.எஸ்.டி.யை ஒன்றாக்க வேண்டும். இன்றுள்ள வித்தியாசம் பழைய வண்டிக்காரரைத் தண்டிக்கிறது.

எஞ்சுவது கடன். மின்வண்டிக் கடனை முன்னுரிமைத் துறைக் கடனில் சேர்க்க வேண்டும் என்று நிதி ஆயோக் 2022 ஜனவரியிலேயே ஓர் அறிக்கையில் பரிந்துரைத்தது. டெல்டாவுக்கு அதைவிட அருகிலிருக்கும் கருவி தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். தஞ்சாவூர், கும்பகோணம் மத்தியக் கூட்டுறவு வங்கிகளின் கீழ் ஊர்தோறும் அது இருக்கிறது. பயிர்க்கடனை அறுவடை பார்த்து வசூலிக்கும் பழக்கம் அதற்கு உண்டு. உறுப்பினரின் நிலமும் நாணயமும் செயலாளருக்குத் தெரியும். கூட்டுறவுக் கடன்களில் வாராக்கடன் சேர்ந்து, தேர்தல்தோறும் தள்ளுபடி எதிர்பார்ப்பு வளர்ந்து சங்கங்கள் நலிந்திருக்கின்றன என்ற மறுப்பு உண்மையானதுதான். அதனால் வண்டியையே ஈடாக வைத்து, பயிர்க்கடன் கணக்கிலிருந்து விலக்கித் தனிக்கணக்கில் தரலாம். நிலமில்லாதவருக்கு மகளிர் சுயஉதவிக் குழு வழியாகத் தரலாம். ஆனால் வாரத் தவணைக் கடன்களின் நெருக்கடியை இந்தப் பெண்கள் போதுமான அளவு பட்டுவிட்டார்கள், அந்த முறை இதற்குள் நுழையக் கூடாது. மின்மொபெட்டுக்கு அறுபதாயிரம் கடன், மூன்று ஆண்டு, குறுவைக்குப் பின் ஒன்று, சம்பாவுக்குப் பின் ஒன்று என ஆறு தவணை. ஒவ்வொன்றும் அசலில் பத்துச் சிப்பம் நெல்லின் விலை, அதோடு வட்டி. ஜூன் மாதம் மேட்டூர் திறக்காத ஆண்டில், 2024ஐப் போல, குறுவைத் தவணை அபராதமின்றி மாசிக்குத் தள்ளிப்போகும் என்று கடன் பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.